கூடத்தின் அளவை எழுதிக் கொடுங்கள்

புறநகரில் விருந்துக் கூடங்களை வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் கூடங்களுக்குள் பின்வாசல் வழியாக வருகிறவர்கள் நாங்கள். ஒலி, ஒளி, மேடை அலங்காரம், கேட்டரிங், விழா ஒருங்கிணைப்பு என்று எங்கள் வேலைகள் வேறு வேறு. ஆனால் ஒரு பிறந்தநாள் விருந்தோ பணிநிறைவு விழாவோ எங்கே சறுக்கும் என்று கேட்டால் எங்கள் எல்லோரிடமும் ஒரே பதில்தான் வரும். விழாவன்று காணும் குழப்பத்தில் பெரும்பகுதி, கூடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்றே உறுதியாகிவிடுகிறது. வாடகைக்கு எடுப்பவருக்கு அன்று கிடைத்த தகவல் நாலு புகைப்படம், ஒரு வாடகைத் தொகை, "300 பேர் கொள்ளும்" என்ற ஒரு வரி. அவ்வளவுதான்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. அட்வான்ஸ் வாங்குமுன், உங்கள் கூடத்தின் உண்மையான அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். நகரத்து நடுவில் இருக்கும் பெரிய ஓட்டல்களில் இந்தத் தகவலைச் சொல்ல ஒரு ஆளே இருப்பார். புறநகர்க் கூடங்களில் சாவி வைத்திருப்பவர்தான் மேலாளர், எலெக்ட்ரீஷியன், காவலாளி எல்லாம். அவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவருக்கும் நியாயமில்லை, கேட்பவருக்கும் நியாயமில்லை. அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் அந்த "300 பேர்". 60 அடிக்கு 40 அடி கூடம் என்றால் 2,400 சதுர அடி. நாற்காலிகளை மட்டும் வரிசையாகப் போட்டால் ஆளுக்கு 7, 8 சதுர அடி போதும். அந்தக் கணக்கில் 300 சரிதான். ஆனால் விருந்துக்கு வருகிறவர்கள் சொற்பொழிவு கேட்க வருவதில்லை. 24 அடிக்கு 12 அடி மேடை போட்டால் 288 சதுர அடி போயிற்று. உணவு மேசைகளுக்கும் அதன்முன் நிற்கும் வரிசைக்கும் 24-க்கு 10, அதாவது 240. ஆடுவதற்கு 20-க்கு 20 விட்டால் 400. வாசலில் வரவேற்பு மேசையும் மக்கள் நின்று பேசும் இடமும் குறைந்தது 100. ஒலி, ஒளி இயக்குபவரின் மேசைக்கு 64. இவ்வளவையும் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 1,300 சதுர அடி. வட்ட மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆளுக்கு 12 சதுர அடி வேண்டும். 300 பேர் கூடம், 110 பேர் கூடமாகிவிடுகிறது.

12 சதுர அடி என்பது எங்கள் கற்பனை எண் இல்லை. 5 அடி விட்டமுள்ள வட்ட மேசையில் 8 பேர் வசதியாக உட்காரலாம். இரண்டு மேசை விளிம்புகளுக்கு நடுவே 5 அடி விட்டால்தான், இரு பக்கமும் நாற்காலியில் ஆள் இருக்கும்போது தட்டோடு ஒருவர் நடந்துபோக முடியும். ஆக ஒரு மேசைக்கு 10-க்கு 10 அடி, நூறு சதுர அடி, எட்டுப் பேர். இந்த இடைவெளியை 3 அடியாகச் சுருக்கி மேசைகளைக் கூட்டும் கூடங்கள் உண்டு. அங்கே பரிமாறுபவர் ஒவ்வொரு முறையும் யாரையாவது எழுப்பிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பிறகு சேவை தாமதம் என்ற பழி கேட்டரிங்காரர்மேல் விழும்.

எனவே தாளில் ஒரு எண் போதாது, நான்கு எண் வேண்டும்: நாற்காலி வரிசை மட்டும் என்றால் எத்தனை பேர், வட்ட மேசை என்றால் எத்தனை பேர், மேசையும் ஆடுதளமும் சேர்ந்தால் எத்தனை பேர், நின்றபடி விருந்து என்றால் எத்தனை பேர். கூடவே மேடையும் தூண்களும் குறித்த ஒரு தரைப்படம். கையால் வரைந்தாலும் பரவாயில்லை, அளவு சரியாக இருக்கட்டும். தூணை விட்டுவிடாதீர்கள். மேடைக்கு நேர் எதிரே ஒரு தூண் இருந்தால் அதன் பின்னால் விழும் இரண்டு மேசைகள் கணக்கில் சேராது.

உயரத்தையும் எழுதுங்கள். தரையிலிருந்து உத்தரத்தின் அடிப்பகுதி வரை எவ்வளவு, மின்விசிறி இறக்கையின் அடி வரை எவ்வளவு என்று இரண்டு அளவும் தனித்தனியாக வேண்டும். 10 அடி உயரக் கூடத்தில் 8 அடியில் மின்விசிறி சுழலும். அதன் கீழே 2 அடி மேடை போட்டால் மேடையில் நிற்பவர் கையைத் தூக்கும் உயரத்தில் இறக்கை இருக்கும். அந்த விசிறியைக் கழற்ற முடியுமா, அதன் சுவிட்சை மட்டும் தனியாக அணைத்து வைக்க முடியுமா என்பதை விழா தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது கேட்க நேர்வது ஆபத்து.

புகைப்படங்களைப் பற்றி ஒரு சொல். அகலக் கோண லென்ஸில், காலிக் கூடத்தை, ஒரு மூலையிலிருந்து எடுத்தால் 40 அடி 60 அடியாகத் தெரியும். எதிர்ச் சுவரருகே ஒரு ஆளை நிறுத்தி, மனிதன் நிற்கும்போது கண் இருக்கும் உயரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். மேசைகள் நிறைந்த நாளில் இன்னொன்று. இரவில் வெளிவாசலை ஒன்று. இந்த மூன்றும் நாற்பது அலங்காரப் படங்களைவிடப் பயன்படும்.

அடுத்தது எங்களுக்கு மிக முக்கியமானது: வெளியேறும் வழிகள். சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ கூடும் விழாக்கூடத்துக்குக் குறைந்தது இரண்டு வெளியேறும் வழிகளையும், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுகளையும் கேட்கிறது. 500-ஐத் தாண்டினால் மூன்று வழிகள். இதன் பொருள் சுவரில் இரண்டு கதவு இருந்தால் போதும் என்பதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும், இரண்டும் பூட்டாமல் இருக்க வேண்டும், இரண்டின் பின்னாலும் தெருவரை தடையில்லாத பாதை இருக்க வேண்டும். புறநகரில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது, இரண்டாவது கதவின் பின்னால் அடுக்கி வைத்த உபரி நாற்காலிகள்.

1998 அக்டோபர் 29-ஆம் தேதி இரவு சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், இளைஞர்கள் ஒரு நடன விருந்துக்காக வாடகைக்கு எடுத்த மாடிக் கூடத்தில் தீப்பிடித்தது. 150 பேருக்கு அனுமதி பெற்ற கூடத்தில் ஏறத்தாழ 400 பேர் இருந்தார்கள். ஆடுவதற்கு இடம் வேண்டும் என்று நாற்காலி, மேசைகளை அவசர வழிப் படிக்கட்டில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். தீ வைக்கப்பட்டது அந்தப் படிக்கட்டில்தான். மிஞ்சியது ஒரே ஒரு வழி. இறந்தவர்கள் 63 பேர், பெரும்பாலும் பதின்வயதினர். தீ வைத்தது குற்றவாளிகளின் கை. அது பரவுவதற்கு வேண்டியதையும், தப்பிக்க விடாத நெரிசலையும் தந்தவை உபரி நாற்காலியும் மீறிய தலைக்கணக்கும். வாடகைக்கு விடும் எவருக்கும் மிக அன்றாடமான இரண்டு விஷயங்கள் அவை.

ஆகவே அனுமதி பெற்ற எண்ணிக்கை எவ்வளவு என்பதைத் தாளின் முதல் வரியாகப் போடுங்கள். உபரி மேசை நாற்காலிகளை வைக்க எந்த அறை என்பதையும் குறியுங்கள். அப்படி ஒரு அறை இல்லாவிட்டால், தேவைப்படாதவற்றை முன்னதாகவே வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்த நேரம் ஒதுக்குங்கள். புகை இயந்திரம் அனுமதி உண்டா என்றும் எழுதுங்கள். ஒளிவழி இயங்கும் புகை உணர்வி, விழாப் புகைக்கும் தீப்புகைக்கும் வித்தியாசம் அறியாது, அலாரம் அடித்துவிடும். அதற்குப் பயந்து உணர்வியின்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், விழா முடிந்ததும் கழற்ற மறந்தும் போகிறார்கள். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள்.

மொட்டைமாடியைக் கூடமாக மாற்றியிருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மக்கள் கூடும் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ தாங்கும்படி வடிவமைப்பது பொது வழக்கம். குடியிருப்புத் தளங்கள் ஏறக்குறைய 200 கிலோவுக்கே வடிவமைக்கப்படுகின்றன. ஆட்கள் நெருக்கமாக நின்றால் அந்த 200 கிலோ எட்டாத தொலைவில் இல்லை. அவர்கள் தாளத்துக்கு ஒன்றாகக் குதிக்கும்போது தளம் உணரும் விசை அவர்கள் எடையைவிட அதிகம். கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிய சான்று இல்லாமல் மாடியை ஆட்டத்துக்கு வாடகைக்கு விடாதீர்கள். கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் குழந்தைகள் விருந்துக்கும் விடாதீர்கள். காற்றடைத்த குதிக்கும் கோட்டையை மாடியில் வைக்கக் கேட்பார்கள். மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் அதை இயக்கக் கூடாது என்பது அதன் தர விதி. மாடியில் தரையைவிடக் காற்று அதிகம், முளையடிக்கவும் வழியில்லை. மறுத்துவிடுங்கள்.

இனி மின்சாரம். விழா நடுவே விளக்கணைந்தால் "கரண்ட் போச்சு" என்கிறார்கள். பல முறை கரண்ட் எங்கும் போவதில்லை, உங்கள் பெட்டியில் ஒரு எம்.சி.பி. (சுமை மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகியிருக்கும். எப்போது ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: சாப்பாட்டு நேரத்தில். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் இணைப்பு ஒன்று 3,680 வாட் தரும். தேநீர் பாய்லர் ஒன்று 3,000 வாட். 800 வாட் உணவுச் சூடாக்கி ஒன்றை அதோடு சேர்த்தாலே அந்த இணைப்பு எல்லையைத் தாண்டிவிடும். சுவரில் நாலு பிளக் பாயின்ட் தெரியும். நான்கும் ஒரே வயரில் ஓடினால் அவை ஒரு பாயின்ட்டுக்குச் சமம்.

110 பேர் விருந்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். ஆறு சூடாக்கிகள் 4.8 கிலோவாட், பாய்லர் 3, பன்னிரண்டு எல்.இ.டி. மேடை விளக்குகள் 1.8, ஒலி அமைப்பு சராசரியாக 1.5, புரொஜெக்டர் 0.4. மொத்தம் 11.5 கிலோவாட், அதாவது சுமார் 50 ஆம்பியர். இதைப் பங்கிட்டுக் கொடுக்க உங்கள் கூடத்தில் எத்தனை தனித்தனி இணைப்புகள் உண்டு, ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர், எந்தச் சுவரில் இருக்கிறது என்பதைத் தரைப்படத்திலேயே குறித்துவிடுங்கள். சமையல் பக்கத்துக்கும் மேடைக்கும் ஒரே இணைப்பு வேண்டாம். ஒலிக்கும் ஒளிக்கும் தனி இணைப்பு இருந்தால் ஸ்பீக்கரில் உறுமல் சத்தம் குறையும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எல்லா இணைப்பிலும் இருக்கட்டும். ஈரக் கையோடு வேலை செய்கிறவர்கள் கேட்டரிங் ஆட்கள். மும்முனை இணைப்பில் நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பி) தளர்ந்தால் ஒரு பக்கம் வோல்டேஜ் 400-ஐ நெருங்கலாம், மாட்டியிருக்கும் அத்தனையும் எரியும். ஆண்டுக்கு ஒருமுறையாவது எலெக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரல் முனைகளை முறுக்கிப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

"ஜெனரேட்டர் உண்டு" என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதாதீர்கள். 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் கையில் கிடைப்பது 20 கிலோவாட், அதிலும் எண்பது சதவீதத்துக்குள் ஓட்டுவதே நல்லது. அப்படியானால் 16. மேலே சொன்ன 11.5 கிலோவாட்டோடு நான்கு 2 டன் ஏ.சி.களின் 9 கிலோவாட்டையும் கூட விளக்கு, தண்ணீர் மோட்டாரையும் சேர்த்தால் 22-ஐத் தாண்டுகிறது. நேரடியாக மெயினில் இயங்கும் கம்ப்ரஸர் தொடங்கும் நொடியில் சாதாரண மின்னோட்டத்தைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். நான்கும் ஒரே நேரத்தில் எழுந்தால் ஜெனரேட்டர் படுத்துவிடும். இதனால்தான் பல கூடங்களில் ஏ.சி.யை ஜெனரேட்டரில் இணைப்பதே இல்லை. அதில் தவறில்லை. ஆனால் வாடகைக்கு எடுப்பவருக்கு அது தெரியும் நேரம், மின்சாரம் போய்ப் பத்து நிமிடம் கழித்து, வியர்வை வழியும்போதுதான். ஜெனரேட்டரில் எது ஓடும், எது ஓடாது, மாறுவதற்கு எத்தனை நொடி ஆகும், டீசல் செலவு வாடகையில் அடங்குமா, எத்தனை மணி நேரத்துக்கு டீசல் இருப்பில் இருக்கும் என்று எழுதுங்கள். பதினைந்து நொடி இடைவெளி கூட டிஜிட்டல் மிக்ஸரை அணைத்துவிடும், விளக்கு வைத்த புரொஜெக்டர் குளிர்ந்து மறுபடி எரியச் சில நிமிடம் பிடிக்கும். முன்பே தெரிந்தால் ஒரு சிறிய யு.பி.எஸ். கொண்டுவந்துவிடுவோம்.

ஏ.சி. கணக்கும் தலைக்கணக்கும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறக்குறைய 120 வாட் வெப்பம் தருகிறார். 110 பேர் 13 கிலோவாட். 1 டன் ஏ.சி. 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால், ஆட்களை மட்டும் குளிர்விக்கவே 4 டன் வேண்டும். ஆடத் தொடங்கினால் ஒருவருக்கே 250 வாட்டுக்கு மேல். இதன்மேல் கூரை வெயில், விளக்கு, சூடான உணவு. விருந்தினர் வருவதற்கு அரை மணி முன்னால் ஏ.சி. போடும் பழக்கம் போதாது. சுவரும் தரையும் பகலெல்லாம் சேர்த்து வைத்த சூட்டை இழக்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். அந்த இரண்டு மணி நேரம்தான் அலங்காரக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துச் சாமான் ஏற்றும் நேரமும்கூட. கதவில் பட்டைத் திரை தொங்கவிட்டால் பெரும்பாலும் தீரும்.

சத்தம் பற்றி அக்கம்பக்கத்தாரோடு உங்களுக்கு இருக்கும் சிக்கல் எங்களுக்குப் புரியும். புறநகர்க் கூடங்களின் மதிற்சுவரை ஒட்டி வீடுகள் இருக்கின்றன, அங்கே தூங்கும் குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களைத் தொந்தரவு செய்வது மேல்சுருதி கிடையாது. அதைச் சுவரும் கண்ணாடியும் தடுத்துவிடும். கடந்துபோவது சப்வூஃபரின், அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரின், அடிச்சத்தம். சப்வூஃபரை வீடுகள் இருக்கும் பக்கத்துச் சுவரோடு ஒட்டி வைக்காமல், எதிர்ப்பக்கம் வைத்து, அவசியமானால் அடிச்சுருதியை மட்டும் குறைத்தால் கூடத்துக்குள் கொண்டாட்டம் குறையாது. 10 டெசிபல் குறைத்தால் காதுக்குப் பாதியாகக் கேட்கும். மொத்தச் சத்தத்தில் 5, அடிச்சுருதியில் 10 என்று குறைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பவர் காதுக்கும் ஒரு வரம்பு உண்டு: உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட தரவிதி, விழாக்கூடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் கூடத்தில் சத்த வரம்புக் கருவி இருந்தால் எத்தனை டெசிபலில் வைத்திருக்கிறீர்கள், மீறினால் எந்த இணைப்பைத் துண்டிக்கும் என்று சொல்லுங்கள். இசை நிற்க வேண்டிய நேரத்தையும், விருந்தினர் வெளியேற வேண்டிய நேரத்தையும் வேறு வேறாக எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே முக்கால் மணி நேரம் விடுவது நலம்.

எதிரொலி வேறு விஷயம். டைல் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் சேர்ந்தால் காலிக் கூடத்தில் ஒரு கைதட்டல் சில நொடி சுற்றிவரும். ஆட்கள் வந்ததும் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால் பெருமளவு குறையும், ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்குக் குறையாது. பின்சுவர் முழுக்க மடிப்பு நிறைந்த கனத்த திரை ஒன்று போட்டால் மைக்கில் பேசுபவர் சொல்வது கடைசி மேசைக்கும் புரியும். நீங்கள் கூடத்துக்குச் செய்யக்கூடிய மலிவான மேம்பாடுகளில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை என்பது எங்கள் கருத்து. அந்தத் திரைத்துணி தீ எளிதில் பற்றாத வகையாக இருக்கட்டும்.

நேரம். தகராறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன. "ஆறு மணி நேர வாடகை" என்றால் சாவி கைமாறும் நொடியிலிருந்தா, முதல் விருந்தினர் வரும் நொடியிலிருந்தா? நாலு மணி நேர விருந்துக்கு மேடை அலங்காரம் மூன்று மணி நேரம் கேட்கும். ஒலி, ஒளி அமைக்க இரண்டு, சோதிக்க அரை மணி; அவற்றை அலங்காரத்தோடு ஓரளவு இணையாகச் செய்யலாம், ஆனால் பின்திரை நிற்காமல் மேடை விளக்கைத் திருப்ப முடியாது. கடைசியில் பிரித்து ஏற்ற ஒன்றரை மணி நேரம். ஆக, உண்மையில் கூடம் தேவைப்படுவது ஒன்பது மணி நேரம். பகலில் ஒரு விழா, மாலையில் ஒரு விழா என்று ஒரே நாளில் இரண்டு பதிவு எடுக்கிறீர்கள் என்றால், முந்தைய விழா முடியும் நேரத்தையும் துப்புரவுக்கான ஒரு மணி நேரத்தையும் சேர்த்து, உண்மையில் எத்தனை மணிக்குச் சாமான் இறக்கலாம் என்பதை எழுதுங்கள். கூடுதல் நேரக் கட்டணம் அரை மணிக் கணக்கா, ஒரு மணிக் கணக்கா என்பதையும்.

சாமான் வரும் வழியின் அளவுகளும் தேவை: வண்டி நிற்கும் இடத்திலிருந்து கூடம் வரை எத்தனை அடி, எத்தனை படி, மிகக் குறுகிய கதவு எத்தனை அங்குலம், லிஃப்ட் உண்டென்றால் உள்ளளவு என்ன. சாய்தளம் இருந்தால் அதன் நீளமும் உயரமும். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது விதி. அரை அடிப் படி ஆறு இருந்தால் உயரம் 3 அடி, சாய்தளம் 36 அடி நீளம் வேண்டும். இட நெருக்கடியில் 10 அடியில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் செங்குத்தில் சக்கர நாற்காலி தானாக ஏறாது, ஏற்றிய தள்ளுவண்டி பின்னோக்கி உருளும். நடக்க முடியாத தாத்தா பாட்டி வரும் விருந்தென்றால் இந்த ஒரு வரியை வைத்தே குடும்பம் கூடத்தைத் தேர்ந்தெடுக்கும், அல்லது தவிர்க்கும். இரண்டுமே உங்களுக்கு நல்லதுதான்.

கழிப்பறைகளைச் சமமாகப் பிரிப்பதில் ஒரு பிழை இருக்கிறது. பெண்களுக்கு ஆண்களைவிட நேரம் கூடுதலாகத் தேவை, குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. 110 பேரில் 55 பெண்கள், சாப்பிட்டு முடிந்த கால் மணி நேரத்தில் அவர்களில் மூன்றிலொருவர் வந்தால் 18 பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு கழிப்பறை ஏழு பேரைத்தான் தாங்கும். மூன்று வேண்டும். இரண்டுதான் இருக்கிறது என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள், அதற்கேற்ப அழைப்பைக் குறைத்துக்கொள்வார்கள்.

வண்டி நிறுத்தத்தில் "தாராளமான இடம்" என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது. ஒரு கார் நிற்கவும் திரும்பவும் 25 சதுர மீட்டர் பிடிக்கும். காருக்கு மூன்று பேர் என்று 110 பேரும் காரில் வந்தால் 37 கார், சுமார் 10,000 சதுர அடி. அது கூடத்தைப்போல நான்கு மடங்கு! அவ்வளவு இடம் எந்தப் புறநகர்க் கூடத்திலும் எளிதில் கிடைக்காது. எனவே உள்ளே எத்தனை கார், எத்தனை இருசக்கர வண்டி, மிஞ்சினால் எங்கே நிறுத்தலாம் என்று எண்ணாக எழுதுங்கள். பக்கத்து ரயில் நிலையத்துக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ எத்தனை நிமிட நடை, வழியில் விளக்கு உண்டா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பது புறநகரில் மிகப் பெரிய விஷயம். கைபேசி வரைபடத்தில் உங்கள் கூடத்தின் குறி முன்வாசலில் விழுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பின்தெருவில் விழுந்தால் விருந்தினரில் பாதிப்பேர் பூட்டிய கேட்டின் முன் நின்று தொலைபேசுவார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். வாடகை, திருப்பித் தரும் காப்புத்தொகை, துப்புரவு, மின்கட்டணம், வெளியிலிருந்து கேட்டரிங்காரரை அழைத்தால் வாங்கும் தொகை எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். மீட்டர் கணக்கு என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் இருவரும் சேர்ந்து அளவைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். காப்புத்தொகையில் எதற்கெல்லாம் பிடிப்பீர்கள் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள்: சுவரில் ஆணி, டேப் பசை, தரையில் மெழுகு, உடைந்த நாற்காலி. சாவி கொடுக்கும்போதே கூடத்தைச் சுற்றிக் கைபேசியில் ஒரு வீடியோ எடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் பழைய கீறலுக்குப் புதிய ஆள் பணம் கட்ட வேண்டியதில்லை. விழாவை அவர்கள் ரத்து செய்தால் எத்தனை நாள் முன்னால் எவ்வளவு திரும்பும் என்று எல்லாக் கூடங்களும் எழுதுகின்றன. நீங்கள் ரத்து செய்தால் என்ன என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அழைப்பு அனுப்பிய பிறகு கூடம் இல்லையென்றால் அவர்களுக்கு நேரும் இழப்பு அட்வான்ஸைவிடப் பல மடங்கு.

இவ்வளவையும் எழுதினால் வாடிக்கையாளர் பயந்து ஓடிவிடுவார் என்று சிலர் நினைக்கலாம். சிலர் போகத்தான் செய்வார்கள்: 200 பேரை அழைக்க நினைத்து உங்கள் 110 பேர் கூடத்துக்கு வந்தவர்கள். அவர்கள் விழாவன்று நடு இரவில் உங்களோடு சண்டையிடுவதற்குப் பதில் முதல் நாளே வேறு கூடம் தேடிக்கொள்வது இருவருக்கும் நல்லது. தங்குகிறவர்கள், கூடத்துக்கு ஏற்ற விருந்தோடு வருவார்கள்.

தாளைக் கொடுத்த பின் ஒரு முறை கூடத்தைப் பார்க்க விடுங்கள், ஆனால் விழா நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில். காலை பத்து மணிக்குப் பார்த்த தெரு மாலை ஏழு மணிக்கு வேறு தெரு. போக்குவரத்து, பக்கத்துத் தொழிற்கூடத்தின் சத்தம், வாசல் விளக்கு, கொசு எல்லாம் அப்போதுதான் தெரியும். எங்களில் ஒருவரையும் கூட அழைத்துவர அனுமதியுங்கள். பத்து மீட்டர் டேப்பும் ஒரு பிளக் டெஸ்டரும் கொண்டுவருவோம், இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது.

தாளின் அடியில் இரண்டு வரி மட்டும் மறக்க வேண்டாம். ஒன்று, விழா இரவு முழுக்க எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும், மெயின் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கும் என்பதும். மற்றது, இந்த அளவுகளை எடுத்த தேதி. புதிதாக ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினாலோ, ஏ.சி. மாற்றினாலோ, பின்கதவை அடைத்தாலோ அன்றே டேப்பை எடுத்து மறுபடி அளந்து தேதியை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கூடங்களில் வேலை செய்யும் ஒலி, ஒளி, அலங்கார, கேட்டரிங், ஒருங்கிணைப்புப் பணியாளர்கள்